செப்டிக் டேங்க் லாரி எங்கே போகிறது?

"பதினெட்டு வருஷமாச்சு சார், ஒரு தடவைகூட டேங்க் நிரம்பினதே இல்லை. அப்படிக் கட்டியிருக்கோம்." சிறு நகரங்களில் சொந்த வீடு கட்டியவர்கள் பலர் இதைப் பெருமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கட்டிய மேஸ்திரிக்கும் அந்தப் பெருமையில் பங்கு உண்டு. இது பெருமைப்பட வேண்டிய விஷயம் இல்லை, கவலைப்பட வேண்டியது. ஏன் என்று சொல்லக் கொஞ்சம் நேரம் ஆகும். டீ சொல்லிவிட்டு உட்காருங்கள், நிதானமாகவே பேசலாம்.

சரியாகக் கட்டிய செப்டிக் டேங்க் எப்போதும் நிரம்பியேதான் இருக்கும். வீடு குடிபோன சில வாரங்களிலேயே நிரம்பிவிடும். அதற்குப் பிறகு கழிப்பறையிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் உள்ளே போனால், மறுமுனைக் குழாயிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் வெளியே வந்தாக வேண்டும். அந்த டேங்க் வேலை செய்கிற விதமே அதுதான். அப்படியிருக்க, பதினெட்டு வருஷமாக நிரம்பவில்லை, லாரியும் வரவில்லை என்றால் இரண்டில் ஒன்று நடக்கிறது. டேங்க்குக் கீழே கான்கிரீட் தளமே போடாமல் விட்டிருப்பார்கள், அல்லது போட்ட தளம் விரிசல் கண்டிருக்கும். உள்ளே போவதெல்லாம் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. இல்லையென்றால், வெளியே போகும் குழாயைத் தெருச் சாக்கடையில் கொண்டுபோய் விட்டிருப்பார்கள். தண்ணீரோடு சகதியும் சேர்ந்து போகிறது. நம் வீட்டு டேங்க் நிரம்பாமல் இருப்பதற்கு ஊர்க் கிணறும் ஊர் ஏரியும் விலை கொடுக்கின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாம் செப்டிக் டேங்க் என்று சொல்கிற பல, செப்டிக் டேங்க்கே இல்லை. குழி தோண்டி, சிமென்ட் உறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக இறக்கி, மேலே ஒரு மூடியைப் போட்டுவிடுகிறார்கள். அது உறிஞ்சு குழி. நிலத்தடி நீர் ஆழத்தில் இருந்து, கிணறு தூரத்தில் இருந்து, வீடுகளும் இடைவெளி விட்டு இருக்கிற கிராமத்தில் அதனால் பெரிய கெடுதல் இல்லை. இரண்டு குழி வெட்டி மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் அது நல்ல ஏற்பாடும்கூட. ஆனால் இரண்டு சென்ட், மூன்று சென்ட் மனையில் சுவரோடு சுவர் ஒட்டி வீடு கட்டும் டவுனில், ஒரு மூலையில் உறைக்குழியும் எதிர் மூலையில் போர்வெல்லுமாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

உண்மையான செப்டிக் டேங்க் எப்படி வேலை செய்கிறது என்பது நம் வீட்டுச் சமையலறையிலேயே தெரியும். வடித்த கஞ்சியை ஒரு பாத்திரத்தில் ஆடாமல் அசையாமல் வைத்தால் மேலே ஆடை படியும், பருக்கை அடியில் தங்கும், நடுவில் தெளிந்த நீர் நிற்கும். டேங்க்குக்குள்ளும் இதேதான். எண்ணெய்ப் பசையும் மிதப்பனவும் மேலே ஏடாகக் கட்டும். கனமானவை அடியில் சகதியாகப் படியும். நடுவில் இருக்கும் தண்ணீர் மட்டும் வெளியேற வேண்டும் என்பதற்காகத்தான் வெளிக்குழாயில் 'டி' வடிவத் துண்டைப் பொருத்துகிறார்கள். அது இல்லாவிட்டால் மேலே மிதக்கும் ஏடு நேராக வெளியே போய்விடும். விலை குறைந்த சாமான்தான். பல டேங்குகளில் அதை விட்டுவிடுகிறார்கள். நடுவே ஒரு தடுப்புச் சுவர் எழுப்பி இரண்டு அறையாக்குவது, முதல் அறையில் கலங்கியது இரண்டாவது அறையில் தெளிவதற்காக.

அடியில் தங்கிய சகதியைக் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் மெல்ல மெல்லத் தின்கின்றன. வாயு வெளியேறும்; சகதி குறையும். ஆனால் முழுதாக மறையாது. இந்த யோசனை பழசு. பிரான்ஸில் லூயி மூரா என்பவர் 1860களிலேயே இப்படி ஒரு தொட்டியைக் கட்டிப் பார்த்தார். இங்கிலாந்தின் எக்சிட்டர் நகரில் 1895இல் டொனால்ட் கேமரன் அதைத் திருத்திக் கட்டி 'செப்டிக் டேங்க்' என்று பெயர் வைத்தார். அன்று முதல் இன்றுவரை அடிப்படை மாறவில்லை, அதன் எல்லையும் மாறவில்லை. மிக நன்றாகக் கட்டிய டேங்க்கும் அழுக்கில் ஏறத்தாழ பாதியைத்தான் பிடித்து வைக்கும். மீதிப் பாதி தண்ணீரோடு வெளியே வரும். அதனால் வெளிவரும் நீரை உறிஞ்சு குழிக்கோ கல்படுகைக்கோ அனுப்ப வேண்டும்.

எவ்வளவு பெரிய டேங்க் வேண்டும்? நம் ஊர்களில் பத்தடிக்கு எட்டடி, ஆறடி ஆழம் என்று வெட்டுகிறார்கள். அதில் 13 ஆயிரம் லிட்டருக்கு மேல் பிடிக்கும். இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 2470, ஐந்து பேர் உள்ள வீட்டுக்குச் சொல்லும் அளவு ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், ஒரு மீட்டர் நீர் ஆழம். வெறும் 1,100 லிட்டர் சொச்சம்! இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சகதியை எடுத்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு சொன்ன அளவு அது. ஓர் ஆளுக்கு வருஷத்துக்குச் சுமார் 40 லிட்டர் சகதி சேரும் என்று பொறியாளர்கள் கணக்கு வைப்பார்கள். ஐந்து பேருக்கு மூன்று வருஷத்தில் 600 லிட்டர். டேங்க்கில் பாதிக்கு மேல் சகதி ஏறிவிட்டால் தண்ணீர் தெளிய இடம் இருக்காது. வந்த வேகத்தில் அப்படியே வெளியேறும். பெரிய டேங்க் கட்டினால் இந்தத் தொல்லை இல்லையே என்று நினைக்கிறோம். பதினைந்து வருஷம் கழித்துத் திறந்தால் அடியில் இருப்பது சகதியாக இருக்காது, களிமண்ணாக இறுகியிருக்கும். லாரியின் குழாய் மேலே இருக்கும் தண்ணீரை உறிஞ்சும், அதை உறிஞ்சாது. அப்போதுதான் "ஒரு ஆளை உள்ளே இறக்கினால் என்ன?" என்ற பேச்சு எழுகிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வெளியே ஓடும் தண்ணீர் என்ன செய்கிறது என்று பார்ப்போம். இதற்கு ஓர் எளிய கணக்கு போதும். வீட்டுக் கழிவுநீரில் ஆயிரத்தில் 999 பங்கு தண்ணீர்தான். அந்த மிச்சம் ஒரு பங்குதான் பிரச்சினை. குளத்தில் அது சேர்ந்ததும் அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைத் தின்ன ஆரம்பிக்கின்றன. தின்பதற்கு அவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும். எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதை அளந்து சொல்வதுதான் பிஓடி என்கிற எண். குளிர்நாடுகளில் 20 டிகிரியில் ஐந்து நாள் வைத்துப் பார்ப்பார்கள். இந்தியாவில் 27 டிகிரியில் மூன்றே நாள். நம் வெயிலுக்கு நம் பாக்டீரியாக்கள் வேகமாகத் தின்னும். சாதாரண வீட்டுக் கழிவுநீர் ஒரு லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கேட்கும். நம் ஊர்ச் சூட்டில் ஒரு லிட்டர் குளத்து நீரில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜனோ ஏழெட்டு மில்லிகிராம்தான். ஒரு லிட்டர் கழிவுநீர், முப்பது லிட்டர் குளத்து நீரின் மூச்சை எடுத்துவிடும் என்று அர்த்தம். மீன்கள் வாய் பிளந்து மேலே வந்து செத்து மிதப்பதற்கு விஷம் கலக்க வேண்டியதில்லை, இதுவே போதும்.

லாரி உறிஞ்சி எடுப்பது இதைவிடப் பல மடங்கு அடர்த்தியானது. வருஷக்கணக்கில் சேர்ந்த சகதி அல்லவா, அதன் பிஓடி பல ஆயிரம் மில்லிகிராமுக்குப் போகும். ஐந்தாயிரம் என்றே வைத்துக்கொண்டாலும், 4,000 லிட்டர் கொண்ட ஒரு லோடு இருபது கிலோ ஆக்சிஜனைக் கேட்கும். அரை ஏக்கருக்கும் மேற்பட்ட, இடுப்பளவு ஆழமுள்ள ஒரு குளத்தின் மொத்த ஆக்சிஜனையும் அது குடித்துவிடும். ஒரே லாரி, ஒரே ராத்திரியில்.

மண்ணுக்குள் இறங்குவதோ கண்ணுக்குத் தெரிவதில்லை. மண் நல்ல வடிகட்டி. கிருமிகளில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் சிறுநீரிலும் மலத்திலும் உள்ள நைட்ரஜன் நைட்ரேட்டாக மாறித் தண்ணீரோடு தண்ணீராக இறங்கிவிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, கொதிக்க வைத்தாலும் போகாது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தரம். பால்பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைக்கு அதிக நைட்ரேட், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே குறைத்துவிடும். போர்வெல் தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கிறது என்று சொல்லித் திருப்திப்படுவதில் பயனில்லை.

இந்த இடத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வி: பாதாளச் சாக்கடை போட்டுவிட்டால் முடிந்ததே? பெரிய நகரத்துக்கு அதுதான் சரி. சிறிய பேரூராட்சிக்கு அது சுலபமில்லை, காரணம் பணம் மட்டுமில்லை. பாதாளச் சாக்கடைக் குழாய்க்குள் அழுக்கு தங்காமல் அடித்துக்கொண்டு போக வேண்டுமானால் தண்ணீர் நிறைய ஓட வேண்டும். அதனால்தான் மத்திய அரசின் பொறியியல் கையேடு, பாதாளச் சாக்கடை உள்ள ஊருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டரும், இல்லாத ஊருக்கு 70 லிட்டரும் குடிநீர் வழங்கச் சொல்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் குழாயில் தண்ணீர் வரும் ஊரில் பாதாளச் சாக்கடை போட்டால் என்ன நடக்கும்? குழாய் அடைக்கும், மேன்ஹோல் பொங்கும், அதைக் குத்திவிட ஆளைத் தேடுவார்கள். மட்டமான நிலமாக இருந்தால் தெருவுக்குத் தெரு பம்ப் வைத்து ஏற்ற வேண்டும். மின்கட்டணம் பேரூராட்சியின் கழுத்தை நெரிக்கும். கடைசியில் இருக்கும் சுத்திகரிப்பு ஆலையில் ராட்சத ஊதுகுழல்கள் இரவும் பகலும் காற்றடித்தால்தான் பாக்டீரியாக்கள் பிழைக்கும். தமிழ்நாட்டில் ஏறத்தாழ ஐந்நூறு பேரூராட்சிகள் இருக்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் பாதாளச் சாக்கடை வரும் நாளை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தால், அதற்குள் ஏரிகள் போய்விடும்.

அப்படியானால் வழி என்ன? வீட்டுக்கு வீடு ஏற்கெனவே கட்டிவிட்ட டேங்குகளையே ஊரின் சுத்திகரிப்பு ஏற்பாட்டின் முதல் பாதியாக எடுத்துக்கொள்வது. இரண்டாம் பாதியை ஊர் கட்ட வேண்டும். இரண்டையும் இணைக்கும் குழாய், அந்த லாரிதான்.

லாரிக்காரரைத் திட்டுவது எளிது. ராத்திரி நேரத்தில் ஓடையோரம் குழாயைத் திறந்துவிடுகிறார், வயலில் ஊற்றுகிறார் என்று எல்லோரும் சொல்கிறோம். அவர் நிலையில் நின்று பாருங்கள். ஒரு லோடுக்கு வாங்கும் தொகையில் டீசல், ஆள் கூலி, வண்டித் தவணை எல்லாம் அடங்க வேண்டும். கொண்டுபோய்க் கொட்டுவதற்கு அரசு அனுமதித்த இடம் நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தால் அவர் அங்கே போகமாட்டார், யாரும் போகமாட்டார்கள். பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் ஓர் இடம் இருந்து, அங்கே அவரை மரியாதையாக நடத்தி, கட்டணமும் குறைவாக இருந்தால் அவர் ஓடையைத் தேடிப் போக வேண்டிய அவசியம் இல்லை. நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகி நிற்கும் வேலையைச் செய்கிற மனிதர் அவர். ஊரின் ஆரோக்கியம் அவர் கையில் இருக்கிறது.

இப்போது ஆளை இறக்கும் விஷயம். மூடிய டேங்க்குக்குள் ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் நிறைந்திருக்கும், ஆக்சிஜன் இருக்காது. ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது, இறங்கலாம் என்று நினைக்கிற கணம்தான் சாகிற கணம். விழுந்தவரைக் காப்பாற்ற இன்னொருவர் இறங்குவார், அவரும் விழுவார். இப்படி இரண்டு பேர், மூன்று பேராகச் செத்த செய்திகளைத் தமிழ்நாட்டில் எத்தனை முறை படித்துவிட்டோம். செத்தவர்கள் எந்தச் சாதி என்பதும் நமக்குத் தெரியும். 2013ஆம் ஆண்டுச் சட்டம், தகுந்த பாதுகாப்பில்லாமல் செப்டிக் டேங்க்கில் ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. தடை பேரூராட்சிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் மட்டுமில்லை, வீட்டுக்காரருக்கும்தான். முதல் முறையே இரண்டு ஆண்டு சிறை வரை, இரண்டு லட்சம் அபராதம் வரை தண்டனை உண்டு. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. எந்தத் தொகையும் ஈடாகாது என்பது வேறு. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லாரியைக் கூப்பிட்டால் சகதி இறுகாது. சகதி இறுகாவிட்டால் ஆளை இறக்கும் பேச்சே எழாது. தவறாமல் டேங்க்கைச் சுத்தம் செய்வது ஓர் உயிரைப் பற்றிய காரியம் என்று நான் சொல்வது இதனால்தான்.

லாரி போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு வருவோம். செங்கல்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் கருங்குழி என்றொரு பேரூராட்சி. தமிழ்நாட்டின் முதல் கசடுக் கழிவு சுத்திகரிப்பு நிலையம் 2017இல் அங்கேதான் வந்தது. நாளொன்றுக்குச் சுமார் 23 ஆயிரம் லிட்டர், அதாவது ஐந்தாறு லாரி லோடு. தனக்கு மட்டுமில்லாமல் மதுராந்தகம் முதலான பக்கத்து ஊர்களின் லாரிகளும் வந்து இறக்கும்படியாக ஏற்பாடு. தமிழக அரசு 2014இல் கசடு மேலாண்மைக்கு நெறிமுறைகளை வெளியிட்டிருந்தது. அவை காகிதத்தை விட்டு இறங்கி மண்ணில் நின்ற இடம் கருங்குழி. கர்நாடகத்தில் பெங்களூருக்கு அருகே உள்ள தேவனஹள்ளி 2015இலேயே இப்படி ஒன்றைக் கட்டி வழிகாட்டியது. இரண்டும் சின்ன ஊர்கள் என்பதைக் கவனியுங்கள்.

இப்படிப்பட்ட நிலையத்தில் பிரமிக்க வைக்கும் எந்திரம் எதுவும் கிடையாது. லாரி வந்ததும் குழாயை ஒரு கம்பிச் சல்லடை முன்னால் திறப்பார்கள். டேங்க்குக்குள் நாம் போடக் கூடாததைப் போட்டதெல்லாம் அங்கே மாட்டும்: பிளாஸ்டிக் உறை, துணி, நாப்கின், குழந்தைகளின் டயப்பர். அதைத் தாண்டிப் போகும் சகதியை உலர்படுகையில் பரப்புவார்கள். சுற்றிலும் சிமென்ட் சுவர், அடியில் பெரிய ஜல்லி, அதன்மேல் சின்ன ஜல்லி, மேலே மணல், அவ்வளவுதான் உலர்படுகை. சகதியை ஒரு சாண் உயரத்துக்கு ஊற்றினால் தண்ணீர் மணல் வழியாகக் கீழே வடியும், மிச்ச ஈரத்தை வெயில் எடுத்துக்கொள்ளும். நல்ல வெயிலில் இரண்டு வாரத்தில் வெடித்துப் பாளம் பாளமாகக் காய்ந்திருக்கும், மண்வெட்டியால் அள்ளிவிடலாம். லாரி கொண்டுவருவதில் திடப்பொருள் நூற்றில் இரண்டு பங்குதான் என்று வைத்தால், 23 ஆயிரம் லிட்டரிலிருந்து மிஞ்சுவது ஐந்நூறு கிலோவுக்கும் குறைவு. ஐந்தாறு லாரிச் சுமை, ஒரு மாட்டுவண்டிச் சுமையாகிவிடுகிறது. செலவு பெரும்பாலும் சூரியனுடையது.

மழைக்காலத்தில்தான் சிக்கல். ஐப்பசி, கார்த்திகையில் திறந்த படுகை காயாது, ஊறும். அதற்காக வெளிச்சம் புகும் கூரை போட வேண்டும்; படுகைகளின் எண்ணிக்கையையும் வெயில் காலத்தை வைத்துக் கணக்கிடாமல் மழைக்காலத்தை வைத்துக் கணக்கிட வேண்டும். இதை மறந்து கட்டும் நிலையம் வருஷத்தில் மூன்று மாதம் லாரிகளைத் திருப்பி அனுப்பும். திருப்பி அனுப்பிய லாரி எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

காய்ந்துவிட்டது என்பதால் வயலுக்குக் கொடுத்துவிடலாமா? அவசரப்படக் கூடாது. வெயிலில் பல கிருமிகள் சாகும், உருண்டைப் புழுவின் முட்டைகள் சாகாது. தடித்த ஓடு கொண்டவை அவை. மண்ணில் மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் உயிரோடு கிடந்து, கீரை வழியாகவோ வெறுங்கால் பிள்ளையின் விரல் வழியாகவோ மறுபடி வயிற்றுக்குள் வரும். சூடுதான் அவற்றுக்கு எமன். காய்ந்த கசடை ஊரின் மக்கும் குப்பையோடு சேர்த்துக் குவித்தால் குவியலின் நடுவில் சூடு தானாகவே 55, 60 டிகிரிக்கு ஏறும். நாள் கணக்கில் அந்தச் சூடு நீடித்து, குவியலைப் புரட்டிப் போட்டு வெளிப்புறத்தையும் நடுவுக்குக் கொண்டுவந்தால் முட்டைகளும் சாகும். மக்கும் குப்பையில் கார்பன் அதிகம், கசடில் நைட்ரஜன் அதிகம். இரண்டும் சேர்ந்தால்தான் உரம் நன்றாக மக்கும். அதனால் உரக்கிடங்கும் கசடு நிலையமும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது புத்திசாலித்தனம்.

படுகைக்குக் கீழே வடிந்த தண்ணீரும் இன்னும் அழுக்குத் தண்ணீர்தான். அதைத் தடுப்புச் சுவர்கள் கொண்ட தொட்டிகள் வழியாக ஏறி இறங்க விட்டு, பிறகு கல்வாழையோ நாணலோ நட்ட ஜல்லிப் படுகை வழியாக மெதுவாக நகர விடுவார்கள். செடி அழுக்கைக் குடித்துவிடுகிறது என்று பலர் நினைக்கிறோம். பெரும்பாலான வேலையைச் செய்வது ஜல்லியின்மேல் வழவழவென்று படியும் பாக்டீரியாக்கள்தான். வேர்கள் அவற்றுக்கு வீடும் கொஞ்சம் ஆக்சிஜனும் கொடுக்கின்றன. கடைசியில் ஆழமில்லாத ஒரு குளத்தில் வெயில் பட நிறுத்தி, நிலையத்துச் செடிகளுக்குப் பாய்ச்சுவார்கள். இதே முறையில் புதுச்சேரிக்கு அருகே தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை தன் முழுக் கழிவுநீரையும் இருபது ஆண்டுகளாகச் சுத்தம் செய்து தோட்டத்துக்கு விட்டுக்கொண்டிருக்கிறது.

கருங்குழியிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் வேடந்தாங்கல் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்ததற்கு அன்பு மட்டும் காரணமில்லை. பறவைகளின் எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் நெல் செழிக்கும் என்பதை அவர்கள் கண்டறிந்திருந்தார்கள். வேட்டைக்காரர்கள் துப்பாக்கியோடு வந்தபோது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய்ப் பாதுகாப்பு ஆணை வாங்கினார்கள்.  எச்சத்தில் இருப்பதும் நம் டேங்க்கில் இருப்பதும் அதே நைட்ரஜன், அதே பாஸ்பரஸ். அளவோடு, கிருமி நீங்கி, சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தால் அது விளைச்சல். அப்படியே ஏரியில் கொட்டினால் ஆகாயத்தாமரை. அந்த வட்டாரத்திலேயே இந்த நிலையம் வந்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

இத்தோடு எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னால் அது பொய். இந்த நிலையங்கள் லாரி கொண்டுவருவதை மட்டும்தான் சுத்தம் செய்யும். குளியலறை, சமையலறை, துணி துவைத்த தண்ணீர் வீட்டுக் கழிவுநீரில் பெரும்பங்கு. அது இன்னமும் தெருச் சாக்கடை வழியாக ஏரிக்கே போகிறது. டேங்க்கிலிருந்து வெளியேறும் பாதி சுத்தமான நீரும் அதோடு சேர்கிறது. தோட்டம் உள்ள வீடு அந்தத் தண்ணீரை வாழைக்கும் தென்னைக்கும் விடலாம். இடமில்லாத தெருக்களுக்கு, சாக்கடை ஏரியைத் தொடும் வாயிலில் மேலே சொன்ன ஜல்லிப் படுகை ஏற்பாட்டைப் பெரிய அளவில் செய்ய வேண்டும். பேரூராட்சிகள் அடுத்துக் கவனிக்க வேண்டியது இதைத்தான் என்பது என் கருத்து. ஆனால் ஒன்று. கழிவுகளிலேயே மிக அடர்த்தியானதும் மிக ஆபத்தானதும் லாரியில் போவதுதான். முதலில் அதற்கு ஒரு வழி செய்வது சரியான வரிசை.

ஒரு பேரூராட்சி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க நீங்கள் பொறியாளராக இருக்க வேண்டியதில்லை. லாரிகளுக்கு உரிமம் கொடுத்திருக்கிறார்களா, அவை எங்கே இறக்குகின்றன என்று பதிவேடு இருக்கிறதா, நிலையத்துக்கு நேற்று எத்தனை லோடு வந்தது என்று கேளுங்கள். பத்தாயிரம் வீடு உள்ள ஊரில் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை எல்லா டேங்க்கையும் எடுக்க வேண்டுமானால் நாளொன்றுக்குக் குறைந்தது ஒன்பது லோடு வர வேண்டும். மூன்று லோடுதான் வருகிறது என்றால், மற்றவை வேறு எங்கோ போகின்றன, அல்லது யாரும் டேங்க்கைத் திறப்பதே இல்லை. வார்டு உறுப்பினரிடம் தெருவிளக்கைக் கேட்கிற மாதிரியே இந்த எண்ணையும் கேட்கலாம்.

வீட்டில் செய்ய வேண்டியதும் அதிகமில்லை. டேங்க்கின் மூடி எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். போர்ட்டிகோ டைல்ஸுக்குக் கீழே புதைந்திருந்தால், அடுத்த முறை வேலை நடக்கும்போது அந்த இடத்தில் மட்டும் கழற்றக்கூடிய மூடி போடச் சொல்லுங்கள். கழிப்பறையில் ஆசிட்டையும் பினாயிலையும் கொட்டிக் கொட்டித் தேய்க்காதீர்கள், உள்ளே வேலை செய்கிற பாக்டீரியாக்களை அது கொல்லும். டேங்க் நிரம்பாமல் இருக்க என்று விற்கும் பவுடர்களுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம், தேவையான பாக்டீரியா நம் வயிற்றிலிருந்தே போதுமான அளவு போகிறது. நாப்கினும் டயப்பரும் குப்பைத் தொட்டிக்கு. புதிதாக வீடு கட்டுகிறீர்கள் என்றால் மேஸ்திரியிடம் மூன்றே விஷயம்: அடியில் கான்கிரீட் தளம், நடுவில் தடுப்புச் சுவர், வெளிக்குழாயில் 'டி'. யார் எவ்வளவு வற்புறுத்தினாலும், சில நூறு கூடுதலாகக் கொடுத்தால் முடித்துத் தருவதாகச் சொன்னாலும், டேங்க்குக்குள் ஆளை இறக்க விடாதீர்கள். உங்கள் வீட்டில் மட்டுமில்லை, பக்கத்து வீட்டில் நடந்தாலும் தடுத்து நிறுத்துங்கள். லாரிக்கு 14420 என்ற உதவி எண் இருக்கிறது.

கடைசியாக லாரி வந்த தேதியை மின்மீட்டர் பெட்டிக்குள் ஒரு சீட்டில் எழுதி ஒட்டி வையுங்கள். தேதி நினைவுக்கு வரவில்லை என்றாலோ, மூன்று வருஷம் தாண்டிவிட்டது என்றாலோ, இந்த மாதமே கூப்பிட்டுவிடுங்கள். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் மண்ணும் தண்ணீரை ஏற்காது, உலர்படுகையும் காயாது.